12 யூரோ ஸ்டிக்கரும் கரும்புக்காட்டு டவரும்: எங்கள் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, பூசாரி ஐயா, நிர்வாகக் குழுவின் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயிலின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கிற ரியூனியன் தீவின் கிழக்குக் கரையில், கரும்புக்கு நடுவே, கடல்காற்று படுகிற கோயில் என்றால் போதும். அப்படிப் பல கோயில்கள் உண்டு என்றாலும் படித்தவுடன் உங்களுக்குத் தெரிந்துவிடும். செல்போன் டவர் பயத்தைப் பற்றியும் திருவிழாவில் விற்ற ஸ்டிக்கரைப் பற்றியும் எழுதுகிறேன். நேரில் பேசியிருக்கலாமே என்பீர்கள். பேசினேன். பொதுக்கூட்டத்தில் மூன்று நிமிஷம் கொடுத்தீர்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே மைக் அன்னதானக் கணக்குக்குப் போய்விட்டது. மடலில் மைக் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்சப் செய்தி காரைக்காலிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ யாரோ உறவுக்காரர் வழியாக வந்தது. நீளமாக, தமிழில். கூடத்தில் இருந்தவர்களில் அதைச் சரளமாகப் படிக்கக்கூடியவர்கள் நான்கைந்து பேர்கூட இல்லை. "மெசியே, நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்று போனை என் கையில் கொடுத்தீர்கள். நானும் வரிக்கு வரி பிரெஞ்சில் சொன்னேன், விட்ட இடத்தைப் பக்கத்தில் இருந்தவர் கிரியோலில் சொன்னார். டவரால் புற்றுநோய் வரும் என்றது. சிட்டுக்குருவி அழிந்தது டவரால்தான் என்றது. எலியை வைத்து அமெரிக்க அரசாங்கமே நிரூபித்துவிட்டது என்றது. பசுஞ்சாணத்தில் செய்த சில்லு கதிர்வீச்சை உறிஞ்சும் என்றது. நான் படித்துக்கொண்டிருந்தபோது பந்தலுக்கு வெளியே சிந்திய சோற்றைக் குருவிகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அதைக்கூட நான் சுட்டிக்காட்டவில்லை. மொழிபெயர்ப்பவன் நடுவில் பேசக்கூடாது என்று ஒரு நாகரிகம் பார்த்து, படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று கூடத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்தது வாட்சப் இல்லை, லிசே என்கிற மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். என் வாயில் வந்ததால் அது நிஜமாகிவிட்டது. அடுத்த மாதம் கரும்புக்காட்டு ஓரத்து டவரை எடுக்கச் சொல்லி மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, ஒரு மனு தயாரானது. அதற்கடுத்த மாதம் தீமிதித் திருவிழாவில், தேங்காய்த் தட்டுக்கும் கற்பூரத்துக்கும் நடுவே, போனின் முதுகில் ஒட்டுகிற 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் விற்பனைக்கு வந்தது. ஒன்று 12 யூரோ. வருகிற பணம் கோபுர வர்ணத்துக்கு என்று அறிவித்தீர்கள். கோபுரத்துக்கு வர்ணம் வேண்டும்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அந்த ஸ்டிக்கரை வாங்கியவர்களில் ஒரு பாட்டி. கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். நான்கு பேரப்பிள்ளைகளுக்கு நான்கு ஸ்டிக்கர், 48 யூரோ. பேரன்களில் ஒருவன் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கிறான். "ராத்திரி போனை எங்கே வைப்பாய்?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "தலையணைக்கு அடியில். முன்னே பாட்டி விடமாட்டாங்க, இப்ப ஸ்டிக்கர் இருக்குல்ல" என்றான். இந்த மடல் எழுதக் காரணம் அந்தப் பதில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தீமிதி தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். 18 நாள் விரதம் இருந்து குண்டத்தில் இறங்குகிறவர்கள் நீங்கள். கனலைக் கிளறிச் சமப்படுத்துகிறவர் முகம் எப்படிச் சிவந்து போகிறது என்று பார்த்திருப்பீர்கள். நான்கு எட்டு பின்னால் நிற்கிறவருக்கு அனல் பொறுக்கும்படி இருக்கும். கயிற்றுக்கு வெளியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தாய்க்கு வெறும் வெதுவெதுப்பு. குண்டம் ஒன்றுதான், தூரம்தான் வேறு. ரேடியோ அலையும் அப்படித்தான் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழுகிற ஆற்றல் நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். டவர் பெரிய குண்டம்தான், ஆனால் அது கரும்புக்காட்டுக்கு அந்தப் பக்கம் எரிகிறது. போன் சின்னத் தணல்தான், அதிகபட்சம் கால் வாட்டுக்குள் அடங்குகிற சக்தி. ஆனால் அதை நாம் காதோடு ஒட்டி வைத்துக்கொள்கிறோம். உடம்பில் ஏறுகிற அலையில் மிகப் பெரும் பங்கு தருவது கையில் இருக்கிற பொருள்தான்.

இன்னொன்று. டவரின் உச்சியில் இருக்கிற பலகைகள் அலையைக் கலங்கரை விளக்கம் போலக் கிடையாக, சற்றே கீழ்நோக்கித் தூரத்துக்கு வீசுகின்றன. நேர் அடியில் விழுவது குறைவு. விளக்கடியில் இருட்டு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அது இந்த விளக்குக்கும் பொருந்தும்.

இப்போது மனுவுக்கு வருகிறேன். டவரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? போன் ஊமையாகிவிடாது. அடுத்த டவர் எங்கே இருக்கிறதோ அதுவரை கேட்கும்படி கத்தும். போனுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு: சிக்னல் நன்றாக இருந்தால் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், முழுச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சிக்னல் தேய்ந்தால் முழு மூச்சோடு ஒலிபரப்பும். மஃபாத்துக்கு நடந்து போனவர்களுக்கு இது அனுபவம். சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில், ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில், காலையில் நூறு சதம் ஏற்றிய பேட்டரி மதியத்துக்குள் செத்துப்போகும். செலவானது போனின் கத்தலுக்கு. சிலாவோஸ் போகிற மலைப்பாதையின் நானூறு வளைவுகளிலும் சலாசி ஏறும்போதும் இதே கதை. ஆக, டவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, காதருகே எரிகிற தணலை ஊதிப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்த மனு. மூன்று பக்கக் கையெழுத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, சபைக்கூச்சத்தில் போட்டது.

ஸ்டிக்கரும் அதே கணக்கில்தான் விழுகிறது. இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். ஒன்று, அது அலையைத் தடுக்கவே இல்லை, 12 யூரோ போச்சு. அல்லது நிஜமாகவே தடுக்கிறது. அப்படியானால் சிக்னல் குறைந்துவிட்டது என்று போன் இன்னும் ஓங்கி ஒலிபரப்பும். 'பேசுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் கதிர்வீச்சை மட்டும் 98 சதம் உறிஞ்சும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. போன் பேசுவதே அந்த அலையால்தான், ஐயா. அதை உறிஞ்சிவிட்டால் எதை வைத்துப் பேசுவது?

இது புது வியாபாரமும் இல்லை. இதே மாதிரி போனில் காது வைக்கிற இடத்தில் ஒட்டுகிற வில்லை விற்ற இரண்டு நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2002-லேயே நடவடிக்கை எடுத்தது. நெதர்லாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்வதும் தப்பு. 5ஜி-யிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்ற பதக்கம், கண்பட்டை, குழந்தைகளுக்கான கைவளையம் உள்ளிட்ட பத்துப் பொருட்களை அந்நாட்டின் அணுக்கதிர் பாதுகாப்புத் துறை சோதித்தது. அந்தப் பொருட்களே கதிரியக்கம் கொண்டவை என்று தெரிந்தது. யாரும் அணிய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் எச்சரிக்கை விட்டார்கள். போனிலிருந்து வருவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இல்லாத அலை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைவிடவும் பலவீனமான ஜாதி. அதற்குப் பயந்து, அப்படிப் பிய்த்தெடுக்கக்கூடிய நிஜமான கதிரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள் ஜனங்கள். நாம் விற்ற ஸ்டிக்கரில் என்ன கலந்திருக்கிறது என்று நம்மில் யாராவது கேட்டோமா?

சாணச் சில்லு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், வாட்சப் செய்தி அதை 'இந்திய அரசே ஒப்புக்கொண்டது' என்றல்லவா சொன்னது. 2020 அக்டோபரில் பசு நலத்துக்கான ஓர் அரசு ஆணையத்தின் தலைவர் அப்படிப்பட்ட சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தியது உண்மை. எந்த ஆய்வு, யார் செய்தது, எங்கே வெளியானது என்று கேட்டு இந்திய விஞ்ஞானிகள் பலர் கடிதம் எழுதியதும் உண்மை. செய்தி முதல் பாதியோடு நின்றுவிட்டது. வாசலில் சாணம் தெளிக்கிற பழக்கத்தில் வளர்ந்தவன் நான், காரைக்காலில் என் அம்மா தெளித்த வாசல் இன்னும் மூக்கில் மணக்கிறது. அதற்காகச் சாணத்துக்கு இல்லாத பெருமையையெல்லாம் அதன் தலையில் கட்டவேண்டாம்.

அப்படியானால் போனால் ஒரு பயமும் இல்லையா என்று செயலாளர் அம்மா அன்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் மைக் போய்விட்டது. இப்போது சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிரான்ஸின் லியோன் நகரத்தில் இருப்பது, 2011 மே மாதம் ரேடியோ அலையை '2பி' என்ற வகையில் சேர்த்தது. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், உறுதியில்லை' என்று அதற்குப் பொருள். 13 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு அதற்கு முக்கியக் காரணம். பிரான்ஸும் அதில் ஒரு நாடு. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் ஆபத்துக் கூடவில்லை. மிக அதிகமாகப் பேசியவர்களிடம் மட்டும், பத்தாண்டு கணக்கில் நாளுக்கு அரைமணி நேரம்போல, ஒருவகை மூளைக்கட்டி சற்றுக் கூடியதுபோலத் தெரிந்தது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு நேரம் பேசினேன் என்று நோயாளியைக் கேட்டு எடுத்த கணக்கு அது, பிழை புகுந்திருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள். அதே 2பி பட்டியலில் ஆசிய மரபில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது. அந்த ஊறுகாய் வேறு வகை. திருவிழாச் சாப்பாட்டில் நாம் வைக்கிற அஷார் ஊறுகாயைத் தொட யாரும் பயப்படவேண்டாம். அதற்கு மேல், சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் உண்டாக்குவது என்ற முதல் வகையில் சிகரெட் இருக்கிறது, மது இருக்கிறது, வெயில் இருக்கிறது. டவருக்கு எதிராக மனு எழுதிய மேசையில் ரோம் அராஞ்சே என்கிற ரம் பாட்டில் இருந்ததை நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

எலிக்கதை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட முடிவு அது. பொய்யில்லை, பாதி. நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுவதும் அலை விழும்படி எலிகளை வைத்தார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டி கூடியது. பெண் எலியிலும் சுண்டெலியிலும் அப்படித் தெளிவான முடிவு வரவில்லை. அலை பட்ட ஆண் எலிகள், படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இதை வைத்து 'நிரூபித்துவிட்டார்கள்' என்பதும் தப்பு, 'எலிதானே' என்று தள்ளிவிடுவதும் தப்பு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், 1994 முதல் 2022 வரை மனிதர்களிடம் நடந்த 63 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தெரியவில்லை. என்னை இன்று யாராவது கேட்டால் இந்தக் கடைசி வரியைத்தான் முதலில் சொல்வேன். லியோன்காரர்கள் மறுபடி ஆராயவேண்டிய பட்டியலில் இதை முன்னால் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நம் தீவு பிரான்ஸின் மாவட்டம். ஊரில் இருக்கிற என் அண்ணனுக்கு இல்லாத சில வசதிகள் நமக்கு உண்டு, அவற்றை ஒருவரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். போன் வாங்கும் பெட்டியில் 'தே.ஆ.எஸ்.' என்று மூன்றெழுத்து இருக்கும், இங்கிலீஷ்காரர்கள் 'எஸ்.ஏ.ஆர்.' என்பார்கள். ஒரு கிலோ உடம்புத் தசை எத்தனை வாட் சக்தியை உறிஞ்சுகிறது என்கிற அளவு அது. தலைக்கும் உடம்புக்கும் 2 வாட்டைத் தாண்டக்கூடாது, கை கால்களுக்கு 4. தசை சூடேறித் தீங்கு வரத் தொடங்கும் அளவுக்குப் பத்து மடங்கு கீழே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். கடையில் இந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பழைய போன் என்றால் *#07# என்று அழுத்திப் பாருங்கள், பல போன்களில் திரையிலேயே வரும்.

எழுதி வைப்பதோடு நிற்பதும் இல்லை. தேசிய அலைவரிசை முகமை, பிரெஞ்சில் 'ஆ.என்.எஃப்.எர்.', கடையிலிருந்து போனை எடுத்துப் போய்த் தானே அளந்து பார்க்கிறது. 2023 செப்டம்பரில் ஐபோன் 12-ஐ அளந்தார்கள். கையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்திருப்பதுபோல ஒட்டிவைத்து அளந்தபோது 5.74 வாட் வந்தது, எல்லை 4. செப்டம்பர் 12 அன்று விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஆப்பிள் முதலில் மறுத்தது, பிறகு மென்பொருளைத் திருத்தித் தந்தது. தலைக்கும் உடம்புக்குமான அளவில் அந்தப் போன் தேறியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கம்பெனிக்கு முன்னால் ஓர் அரசு அலுவலகம் கையில் ஓர் எண்ணோடு நின்றது என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் கையில் வாட்சப்பை வைத்துக்கொண்டு மேரியின் முன்னால் நிற்கிறோம்.

டவருக்கும் அதேபோல எண் உண்டு. வோல்ட்/மீட்டர் என்று அளப்பார்கள். அலைவரிசையைப் பொறுத்து, போன் டவர்களுக்கு 36 முதல் 61 வரை எல்லை. எல்லைக்குள் இருந்தாலும் மற்ற இடங்களைவிட மிகவும் கூடினாலே 'வழக்கத்துக்கு மாறான இடம்' என்று குறித்து ஏன் என்று ஆராய்கிறார்கள். நாட்டில் எடுத்த அளவுகளில் பெரும்பாலானவை 1-க்கும் கீழே. நம் கோயில் வாசலில் எவ்வளவு? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆனால் கேட்டால் வந்து அளப்பார்கள். 2014 முதல் இது இலவசம். செலவை ஆபரேட்டர்கள் கட்டும் வரியிலிருந்து எடுக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் அளப்பார்கள், பொதுமக்கள் வருகிற இடத்திலும் அளப்பார்கள். கோரிக்கையை மேரி வழியாக அனுப்பவேண்டும், அவ்வளவுதான். வந்த முடிவைக் 'கார்த்தோரேடியோ' என்ற வரைபடத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுவார்கள். அளந்து அப்படி வழக்கத்துக்கு மாறாக வந்தால் மனுவை நானே எழுதித் தருகிறேன், நல்ல பிரெஞ்சில், எண்ணோடு. அப்போது மேரியில் யாரும் நம்மைச் சிரித்து அனுப்ப முடியாது.

இப்போது பிள்ளைகள். இங்கேதான் என் கவலை முழுவதும். பிரான்ஸின் உடல்நலப் பாதுகாப்பு முகமை ஆன்செஸ், 2016-இல் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை தந்தது. பிள்ளைகளின் உடல் அமைப்பால் அலை அவர்களுக்குள் பெரியவர்களைவிட அதிகம் இறங்கக்கூடும் என்றது. தூக்கம், மனநிலை இவற்றில் தெரிகிற பாதிப்பு அலையால் என்பதைவிட, போனை அவர்கள் பயன்படுத்துகிற விதத்தால் இருக்கலாம் என்றும் சொன்னது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்துப் போன் விளம்பரம் செய்யக்கூடாது என்று 2010-லேயே சட்டம் வந்தது. 2015-இல் வந்த சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடங்களில் வைஃபை கூடாது என்றது. 2018 முதல் ஆரம்பப் பள்ளியிலும் கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியிலும் போனை எடுக்கக்கூடாது. இத்தனையும் இருந்தும் நம் கோயில் கூடத்தில் நடப்பதென்ன? ஆறு வயதுப் பிள்ளை அழுதால் கையில் போன், அபிஷேகம் முடிகிறவரை. பிள்ளை கண்ணுக்கும் போனுக்கும் ஒரு சாண்கூட இல்லை. திரைக்குப் பின்னால் ஸ்டிக்கர் மட்டும் பளபளக்கிறது.

தலையணைக்கடியில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதில் அலை கடைசிக் கவலை. காற்றுப் படாத இடத்தில் பேட்டரி சூடேறும். சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கிய சார்ஜர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பையனிடம் போனை ராத்திரி 'மோத் அவியோன்', அதாவது விமானப் பயன்முறை, போட்டு, கட்டிலுக்கு எட்டாத மேசையில் வைக்கச் சொன்னேன். "அலாரம் எப்படிக் கேட்கும்?" என்றான். "எழுந்து போய் அணைக்கவேண்டும் என்பதற்குத்தானே அலாரம்" என்றேன். முறைத்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் குழுவில் ஒருவர் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். யார் என்று எழுதவில்லை. போன் எப்போதும் அவர் இடப்பக்கச் சட்டைப் பையில். ஸ்டிக்கரை முதலில் வாங்கியவரும் அவர்தான். ஐயா, உங்களுக்கு அலையைவிடப் போனுக்குள் இருக்கிற காந்தம்தான் முக்கியம். புதுப் போன்கள் சிலவற்றில் சார்ஜருக்காகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். தயவுசெய்து போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், பேசும்போது வலக்காதில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் செலவில்லாதது. நீளமாகப் பேசவேண்டும் என்றால் ஸ்பீக்கரிலோ ஒயர் இயர்போனிலோ பேசுங்கள். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப்போனாலே குண்டத்துக் கயிற்றுக்கு வெளியே வந்த மாதிரி. ஆனால் வண்டி ஓட்டும்போது இயர்போன் கூடாது. 2015 ஜூலை முதல் அதுவும் குற்றம். 135 யூரோ அபராதம், லைசென்ஸில் மூன்று புள்ளி போகும். தலைநகர் சேன் தெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நெரிசலில் நின்றபடி போனைக் காதில் வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். போன் ஆளைக் கொல்லும் என்றால் நம் தீவில் முதலில் அந்தச் சாலையில்தான் கொல்லும். சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்தில் அரட்டை வேண்டாம், இறங்கி வந்து பேசலாம். இதற்கெல்லாம் 12 யூரோ ஆகாது.

குழுவிடம் நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கோபுர வர்ணத்தில் அந்தத் தொகை குறையும் என்றால் என் பங்காக ஒரு தொகை எழுதிக்கொள்ளுங்கள்; குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று மேலேயே சொன்னேன். மீதமிருக்கிற ஸ்டிக்கர் பெட்டியை அலுவலக அறையில் வைக்கவேண்டாம், விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம். மேரியில் கொடுத்த மனுவை வாபஸ் வாங்கி, அதற்குப் பதிலாக அளவெடுக்கக் கோரிக்கை கொடுப்போம். கோயில் வாசலில் ஒன்று, டவருக்கு மிக அருகே இருக்கிற வீட்டில் ஒன்று. அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பயம் நிஜமானது. ராத்திரி தூக்கம் இல்லை என்கிறார். அவரிடம் 'ஒன்றுமில்லை' என்று நான் சொன்னால் அதுவும் ஒரு வாட்சப் செய்திதான். ஆள் வந்து, கருவியை நடுவீட்டில் வைத்து, எண்ணைக் காட்டட்டும்.

மூன்றாவது, அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்கு பத்து நிமிஷம். அன்று படித்த அதே செய்தியை மறுபடி படிக்கிறேன், தமிழில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. இந்த முறை ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நின்று, எது உண்மை எது பாதி எது புளுகு என்று சொல்கிறேன். கிரியோலில் சொல்ல அன்று உதவியவரே வந்தால் நல்லது. கேள்வி கேட்கிறவர்கள் கேட்கட்டும். பதில் தெரியாததைத் தெரியாது என்பேன். அன்னதானக் கணக்கை அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மேரிக்கு அனுப்பவேண்டிய கோரிக்கையைப் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு நான்கு மணிக்கு முடியும். பிள்ளைகள் போனதும் அலுவலக அறைக்குக் கொண்டுவருகிறேன். தலைவர் ஐயா கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரவும், எழுத்து கொஞ்சம் சின்னது.

பணிவுடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாத்தியார்